தீண்டலும் காவலும்: தென் திருவிதாங்கூர்க் காவுகளின் கரிம வரலாறு

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ஒரு பழைய பலாமரம் இன்றும் பேணப்பட்டு வருகிறது. அதற்கு அம்மச்சிப்பிலாவு என்று பெயர். எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தி வந்தபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மர் அம்மரத்தின் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1729-இல் அவர் அரியணை ஏறினார். வேணாடு திருவிதாங்கூராக விரிந்தது. மரம் அரச நினைவின் சின்னமாயிற்று. அரசரைக் காத்த மரத்தை அரசும் கோயிலும் காத்தன. ஆனால் அதே வட்டாரத்தில், பாலராமபுரம் முதல் பாறசாலை வரையிலான ஊர்களில், வீட்டு வளாகங்களின் மூலைகளில் நின்ற காவுகளுக்கு அத்தகைய கதை எதுவும் வாய்க்கவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை ஆவணம் ஏதுமின்றி மறைந்தன. எஞ்சியவற்றுள் சில அடர்ந்து நிற்கின்றன. பல நலிந்து, ஒரு கல்விளக்கும் இரண்டு மூன்று மரங்களுமாகச் சுருங்கியுள்ளன.

சமூகத்தின் பொறுப்பிலுள்ள காடு நலமாக இருக்கும்போது எவ்வளவு கரிமத்தைச் சேமிக்கிறது, நலியும்போது எவ்வளவை இழக்கிறது என்ற கேள்வி இன்று பெரும்பாலும் சூழலியலாளர்களின் கேள்வியாகவே எழுப்பப்படுகிறது. காவுகளைப் பொறுத்தவரை அது வரலாற்றுக் கேள்வியும் ஆகும். ஒரு காவில் இன்று நிற்கும் கரிமத்தின் அளவு, அக்காவின் மீது யாருக்கு என்ன உரிமை இருந்தது, அவ்வுரிமை எப்போது குலைந்தது என்பதன் பதிவாகவும் அமைகிறது.

சொல்லிலிருந்து தொடங்குவது பொருத்தம். பழந்தமிழில் ‘கா’ என்பது சோலையைக் குறிக்கும் பெயர்ச்சொல். காத்தலைக் குறிக்கும் வினையடியும் அதே ஒலியுடையது. இரண்டும் ஒரே வேரினவா என்பதில் முடிந்த முடிபு கூற வேண்டியதில்லை. பேசுவோர் செவியில் அவை ஒன்றையொன்று நினைவூட்டின என்பது போதும். திருநாவுக்கரசர் சிவத்தலங்களை ஊர்ப்பெயரின் ஈறுகொண்டு வகைப்படுத்தும் அடைவுத் திருத்தாண்டகத்தில் காடு என முடிவன ஒரு தொகுதியாகவும், கா என முடிவன வேறொரு தொகுதியாகவும் வருகின்றன. திருவானைக்கா இன்றும் அவ்வீற்றைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் பொதுத்தமிழில் இச்சொல் பெரிதும் வழக்கொழிந்துவிட்டது. ‘காவு’ என்றதும் இன்றைய தமிழர் செவியில் விழுவது பலிப்பொருள்தான்: விபத்து உயிர்களைக் காவு வாங்கியது என்கிறோம். மலையாளத்திலும் குமரி மாவட்டத் தமிழிலும் மட்டுமே தெய்வமுறையும் மரக்கூட்டம் என்ற பொருள் உயிரோடிருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு தமிழகத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் எனப் பிரிந்தபின்னும், களியக்காவிளையின் இருபுறத்தும் இச்சொல் பிரியவில்லை.

தென் திருவிதாங்கூரில் காவு என்பது பெரும்பாலும் சிறிய நிலப்பகுதி. தறவாட்டு வளாகத்தின் தென்மேற்கு மூலையில் நாகங்களுக்கென விடப்பட்ட சர்ப்பக்காவு, சாஸ்தாவுக்கோ யட்சிக்கோ உரிய ஊர்க்காவு, கோயிலைச் சூழ்ந்த காவு எனப் பல வகை. அருகில் பெரும்பாலும் ஒரு குளம் இருக்கும். காவைத் தீண்டினால் குளம் வற்றும் என்ற நம்பிக்கை கேரளம் முழுவதும் உண்டு. ஏழிலைப்பாலை, காஞ்சிரம், புன்னை, இலஞ்சி, அயனி, மரோட்டி போன்ற மரங்களும் அவற்றைப் பின்னிய கொடிகளும் அங்கே வளரும். விதிகள் சில, ஆனால் கடுமையானவை. மரம் வெட்டலாகாது, விழுந்த சுள்ளியையும் எடுக்கலாகாது, சருகை வாரலாகாது, அந்தியில் விளக்கு வைக்க மட்டுமே நுழைய வேண்டும்.

இவ்விதிகளைக் கரிமக் கணக்கின் மொழியில் பெயர்த்தால் வியப்பு ஏற்படும. காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுகளின் குழு காட்டின் கரிமத்தை ஐந்து கருவூலங்களாகப் பிரிக்கிறது: தரைக்கு மேலுள்ள உயிர்த்திரள், தரைக்குக் கீழுள்ள வேர்த்திரள், பட்ட மரம், சருகு, மண்ணின் கரிமம். வெட்டாதே என்ற விதி முதல் இரண்டையும், சுள்ளி பொறுக்காதே என்ற விதி மூன்றாவதையும், சருகு வாராதே என்ற விதி நான்காவதையும், நுழையாதே என்ற விதி ஐந்தாவதையும் காக்கின்றன. காவின் விதிகளை வகுத்தோர் கரிமத்தை அறிந்திருந்தனர் என்று இதற்குப் பொருளில்லை. அவர்கள் நாகங்களுக்கு அஞ்சினர். அச்சத்தின் விளைவு ஐந்து கருவூலங்களையும் ஒருசேரக் காத்தது என்பதே செய்தி.

நலமான காவுக்கும் நலிந்த காவுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கணக்கால் விளக்கலாம். வெப்பமண்டல மரங்களின் உயிர்த்திரளை மதிப்பிட ஜெரோம் ஷாவே முதலியோர் 2014-இல் வெளியிட்ட சமன்பாடு பரவலாகப் பயன்படுகிறது. மரத்தின் மார்பளவு விட்டம், உயரம், கட்டையின் அடர்த்தி ஆகிய மூன்றும் அதற்குப் போதும். 60 செ.மீ. விட்டமும் 20 மீட்டர் உயரமும் 0.6 அடர்த்தியும் உள்ள ஒரு மரத்துக்கு அச்சமன்பாடு ஏறத்தாழ 2,250 கிலோ உலர் உயிர்த்திரளைத் தருகிறது. அதில் 47 விழுக்காடு கரிமம் எனக் கொண்டால் ஒரு டன்னுக்குச் சற்று மேல். கரியமில வாயுவாக மாற்றினால் ஏறத்தாழ 3.9 டன். அதே அடர்த்தியுடன் 10 செ.மீ. விட்டமும் 8 மீட்டர் உயரமும் உள்ள இளமரத்துக்கோ 28 கிலோ உயிர்த்திரள்தான் கிடைக்கிறது. ஒரு முதிர்ந்த மரத்துக்கு ஈடாக இத்தகைய 80 இளமரங்கள் வேண்டும். காவிலிருந்த அயனியை வெட்டிவிட்டுப் பத்துக் கன்றுகள் நட்டோம் என்று சொல்லும்போது கணக்கு எங்கே பொய்க்கிறது என்பது இதனால் விளங்கும்.

நலிவு பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது. காவு முழுமையாக அழிவதில்லை. பெருமரங்கள் முதலில் போகின்றன. விதானம் திறக்கிறது, வெயிலும் காற்றும் நுழைகின்றன, ஈரம் குறைகிறது, களைச்செடிகள் புகுகின்றன, நிழலில் முளைக்க வேண்டிய விதைகள் முளைப்பதில்லை. காவின் சிறிய அளவு இதனை மேலும் கடுமையாக்குகிறது. 10 சென்ட் காவு ஒன்று சதுரமாக இருந்தால் அதன் பக்கம் 20 மீட்டர். அதன் நடுவில் நின்றாலும் விளிம்பு 10 மீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. பெருங்காட்டில் விளிம்பு ஓர் ஓரம். சிறுகாவில் காவு முழுவதுமே விளிம்பு. ஒரு மரத்தின் இழப்பைப் பெருங்காடு தாங்கும், சிறுகாவு தாங்காது.

எத்தனை காவுகள் இருந்தன? 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் நில அளவை செய்த வார்டு, கானர் என்னும் படை அலுவலர்களின் குறிப்பை ஆதாரமாகக் காட்டி ஆய்வாளர்கள் எடுத்தாளும் எண் 15,000. 1996-இல் பாலசுப்பிரமணியனும் இந்துசூடனும் கேரளக் காவுகளின் தாவர வளத்தைப் பதிவு செய்தபோது கணக்கில் வந்தவை 761. இவ்விரு எண்களையும் அப்படியே கழித்து இழப்பைச் சொல்வது முறையாகாது. அளவையின் நோக்கம், எல்லை, எதனைக் காவு எனக் கொள்வது என்ற வரையறை ஆகிய அனைத்தும் வேறு. எனினும் எண்களின் திசை ஐயத்துக்கு இடமற்றது.

இத்திசைக்குக் காரணம் தேடுவோர் பெரும்பாலும் நம்பிக்கை குறைந்தது, நவீனம் வந்தது என்று முடித்துக்கொள்கின்றனர். அரசின் பேரேடுகள் வேறொரு வரலாற்றைக் காட்டுகின்றன. கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, 1811-12 காலத்தில், 348 பெரிய கோயில்களும் 1,171 சிறிய கோயில்களும் தம் சொத்துகளுடன் அரசின் நிருவாகத்துக்கு வந்தன. குடும்பக் காவுகள் இக்கணக்கில் சேரவில்லை. 1865-இன் பட்டப் பிரகடனம் பண்டாரப்பாட்ட நிலத்தின் குடியானவர்களுக்கு முழு உரிமை வழங்கியது. நிலம் விற்கவும் அடகு வைக்கவும் தக்க பொருளாயிற்று. 1887-88-இன் வனச்சட்டம் ஒதுக்கப்பட்ட காடுகளை வரையறுத்தது; அகத்தியமலைச் சரிவுகள் அதன் பார்வைக்குள் வந்தன; சமவெளியின் வீட்டுக்காவுகள் வரவில்லை. இவ்வாறு காவு கோயிற்சொத்தும் ஆகாமல், காடும் ஆகாமல், தறவாட்டின் பொதுச்சொத்து என்ற ஒரே நிலையில் நின்றது. அந்நிலை இருந்தவரை பங்கு போடுவது கடினம். ஆகவே வெட்டுவதும் கடினம்.

1925-இல் நாயர் சட்டமும் ஈழவர் சட்டமும், அடுத்த ஆண்டு நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டமும் மருமக்கள்வழிக் கூட்டுச்சொத்தை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பங்கிட வழி திறந்தன. இச்சட்டங்களைக் காவுகளின் பகையெனக் குறிப்பது அநீதி. மருமக்கள்வழியில் கணவன் இறந்தபின் மனைவியும் மக்களும் பட்ட துயரைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மிய’த்தில் அங்கதமாகப் பாடியிருக்கிறார்; சீர்திருத்தம் தேவையாக இருந்தது. ஆனால் பாகப்பத்திரம் எழுதும் மேசையில் காவுக்கு எந்தத் தலைப்பும் இல்லை. அது ஒருவர் பங்கில் விழுந்தால் அவர் விருப்பம். பொதுவில் விடப்பட்டால் எவர் பொறுப்பும் இல்லை. நிலவிலை ஏற ஏற, சடங்கும் வழிவிட்டது. நாகங்களை ஆவாகனம் செய்து மண்ணாறசாலை, பாம்பும்மேக்காடு போன்ற இடங்களுக்கு மாற்றிவிட்டுக் காவு நிலத்தை விடுவிக்கும் முறை பரவியது. தெய்வத்தை இடம் மாற்ற இயன்றது. இருநூறு ஆண்டுச் சருகு மக்கிய மண்ணை மாற்ற இயலவில்லை.

இவ்விடத்தில் இன்னொரு வரலாறு குறுக்கிடுகிறது. அதனை ஒதுக்கிவிட்டுக் காவைப் பற்றிப் பேசுவது பாதி உண்மையாகும். காவின் விதிகள் அனைத்தும் ‘தீண்டாதே’ என்ற ஒரு வினையில் அடங்கும். மனிதரை மனிதர் விலக்கி வைத்த வினையும் அதுவே. திருவிதாங்கூரில் எந்தச் சாலையில் யார் நடக்கலாம், எந்தக் குளத்தில் யார் இறங்கலாம் என்பதை அச்சொல் முடிவு செய்தது. அதனை எதிர்த்த போராட்டத்தின் முதன்மைக் களங்களுள் நெய்யாற்றின்கரை வட்டாரமும் ஒன்று. 1888-இல் நாராயண குரு அருவிப்புறத்தில் நெய்யாற்றின் கரையில் சிவலிங்கம் நாட்டினார். 1893-இல் வெங்ஙானூரின் அய்யன்காளி தடை செய்யப்பட்ட பொதுச்சாலையில் வில்லுவண்டி ஓட்டினார். அவ்வழிநடைப் போராட்டத்தின் தொடர்ச்சியாகப் பாலராமபுரம் சாலியர் தெருவில் மோதல் வெடித்தது. அத்தெரு, அரசர் பாலராம வர்மரின் காலத்தில் குடியேற்றப்பட்ட தமிழ் நெசவாளர்களின் தெரு. 1936 நவம்பர் 12-இன் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை அப்போராட்டம் நீண்டது.

யசுஷி உச்சியாமதா என்னும் மானிடவியலாளர் 1990-களில் செய்த ஆய்வு, காவுகளை நிலமற்ற உழவுத் தொழிலாளரின் முன்னோர் நிலமாகக் காணும் பார்வையை முன்வைத்தது. உயர்குடி வளாகத்தின் மூலையிலுள்ள காவில் ஒடுக்கப்பட்டோரின் தெய்வமும் உரிமைக்கோரலும் உறைகின்றன என்பது அதன் சாரம். ஆகவே காவு என்பது மக்கள் அனைவரும் கூடிக் காத்த பொதுமை என்ற இனிய சித்திரம் முழுமையற்றது. சிலர் உடைமையாளராக, சிலர் பூசகராக, சிலர் விலக்கப்பட்டோராக, ஏற்றத்தாழ்வுடன்தான் அக்காவல் அமைந்தது. தீண்டல் என்ற விலக்கு தகர்ந்தது மனித விடுதலை. ஆனால் அதே விலக்கின் நிழலில் நின்ற மரங்களுக்கு, அவ்விலக்கின் இடத்தில் வைக்க வேறொரு விதியை எவரும் வகுக்கவில்லை. பழைய காவல் நியாயமற்றதாயிற்று. புதிய காவல் பிறக்கவில்லை. நலிவின் வேர் இந்த இடைவெளியில் இருக்கிறது.

அத்தகைய புதிய விதியை வகுக்க முடியும் என்பதற்கு இமயத்தில் ஒரு சான்று உண்டு. குமாவுன் மலைகளில் 1911 முதல் 1917 வரை பிரிட்டானிய அரசு ஊர்க்காடுகளை ஒதுக்கப்பட்ட காடுகளாக்கியது. 1921-இல் மக்கள் எதிர்ப்பு தீயாகவே எழுந்தது. சீர்ப்பைன் காடுகள் எரிந்தன. குறைகேட்புக் குழு அமைந்தது. 1931-இல் வன பஞ்சாயத்து விதிகள் பிறந்தன. ஊரார் தேர்ந்தெடுக்கும் குழு, எல்லை குறித்த வரைபடம், புல்லும் விறகும் எடுக்கும் முறை, மீறினால் தண்டம் என எல்லாம் எழுத்தில் வந்தன. இன்று உத்தராகண்டில் ஏறத்தாழ 12,000 வன பஞ்சாயத்துகள் உள்ளன. அவற்றிலும் வனத்துறையின் தலையீடு, பெண்களின் குரலுக்குப் போதிய இடமின்மை முதலிய குறைகள் உண்டு. ஆயினும் 2003-க்குப் பின் அங்கு ஊர்மக்களே மரங்களின் விட்டத்தை அளந்து கரிமக் கணக்கெடுக்கப் பயின்றனர். குமாவுன் கருவாலி, சீர்ப்பைன் காடுகளில் நலிந்த இடங்களையும் நலியாத இடங்களையும் ஒப்பிட்டு 2008-இல் வெளிவந்த ஜீனா முதலியோரின் ஆய்வு, நலியாத காடு கூடுதல் கரிமத்தைச் சேமித்து வைத்திருப்பதுடன் ஆண்டுதோறும் கூடுதலாகச் சேர்க்கவும் செய்கிறது என்று காட்டியது. நலிந்த காடு சேமிப்பை மட்டும் இழக்கவில்லை. சேமிக்கும் ஆற்றலையும் இழக்கிறது.

குமாவுனில் அளக்க முடிந்ததற்குக் காரணம் அங்கே அளக்கத் தக்க எல்லையும், அளவைக் கேட்கத் தக்க ஓர் அவையும் இருந்தன என்பதே. காவுகளுக்கு அவ்விரண்டும் அரிதாகவே உள்ளன. சந்திரசேகராவும் சங்கரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு கேரளக் காவுகளை நிருவாக முறையால் மூன்றாகப் பிரித்தது: தனிக்குடும்பத்தின் பொறுப்பிலுள்ளவை, பல குடும்பங்களின் பொறுப்பிலுள்ளவை, தேவஸ்வம் வாரியத்தின் பொறுப்பிலுள்ளவை. காவின் உடல்நிலையை அறிய மரத்துடன் பத்திரத்தையும் படிக்க வேண்டும் என்ற உணர்வு இப்பகுப்பில் இருக்கிறது. வரலாறு பயில்வோரும் சூழலியல் பயில்வோரும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி அது.

அரசின் கண்ணும் காவை இன்னும் முழுமையாகக் காணவில்லை. இந்திய வன அளவைத் துறையின் வரையறைப்படி ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் விதானம் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், நிலம் யாருடையதாயினும் மரம் எதுவாயினும், அது வனப்பரப்பு. ஒரு ஹெக்டேர் என்பது 247 சென்ட். எனவே பாறசாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் போதிய பரப்பிருந்தால் வனப்பரப்பில் சேரும். 10 சென்ட் சர்ப்பக்காவு அவ்வரைபடத்தில் தனியே தோன்றாது. மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிடப்படும் மரப்பரப்பின் மொத்தத்தில் அதன் மரங்கள் கரைந்துபோகும். 2024 டிசம்பர் 18-இல் இராசத்தானின் ஓரண் முதலிய தெய்வக்காடுகள் பற்றி உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இவ்வகையில் கவனத்துக்குரியது. பரப்பைப் பொருட்படுத்தாமல், மக்களுக்கு அவற்றோடுள்ள பண்பாட்டு, சூழலியல் உறவைக் கொண்டு தெய்வக்காடுகளை அடையாளம் காண வேண்டும் என்றும், நாடு முழுமைக்கும் ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. காவுகளுக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பது இனி நடக்கவேண்டிய விவாதம்.

கரிமத்தின் பெயரால் காவுகளை மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. ஹெக்டேருக்கு 200 டன் கரிமம் எனத் தாராளமாக வைத்துக்கொண்டாலும் 10 சென்ட் காவில் 8 டன்னே இருக்கும். அதனை விற்று எந்தக் குடும்பமும் வாழப்போவதில்லை. புவி வெப்பமும் தணியப்போவதில்லை. காவின் மதிப்பு வேறிடத்தில் உள்ளது. இம்மண், இம்மழையில், மனிதர் கை படாதிருந்தால் எவ்வளவு கரிமத்தைத் தாங்கும் என்பதைச் சொல்ல நெய்யாற்றின்கரைச் சமவெளியில் எஞ்சியுள்ள அளவுகோல் நலமான காவு ஒன்றே. நலிந்த காவு எவ்வளவு இழந்தது என்று கேட்பதற்கே நலமான காவு ஒன்று நிற்க வேண்டும். கடைசிக் காவும் போய்விட்டால், இழப்பை அளக்கும் வழியும் உடன் போய்விடும். நலிவே இயல்பு என்று அடுத்த தலைமுறை எண்ணிக்கொள்ளும்.

அம்மச்சிப்பிலாவை ஓர் அரசகதை காத்தது. காவுகளை இதுவரை அச்சமும் விலக்கும் காத்தன. அவை மீண்டு வரலாகாது. விலக்கின்றிக் காக்கும் ஒரு விதியை, எழுத்திலும் எல்லையிலும் பொறுப்பிலும் தெளிவானதாக, ஊரவை வகுக்க முடிந்தால், ‘கா’ என்ற சொல்லின் இரு பொருளும் மீண்டும் ஓரிடத்தில் வந்து சேரும்.